ஐம்பத்தொன்றாம் கண்

தெற்கு என்ற சொல்லுக்கு இங்கே வேலை இல்லை.
எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கு.
மார்ச்சில் இறங்கிய சூரியன்
செப்டம்பரில்தான் ஏறும்.
அதுவரை நாற்பத்திரண்டு பேர், ஒரே இரவு.

என் வேலை எளிது:
பனிக்கடியில் உறங்காத ஐயாயிரம் கண்கள்
உறங்காமல்தான் இருக்கின்றனவா என்று பார்ப்பது.

கயிற்றில் கோத்து இறக்கிய கண்ணாடிக் குண்டுகள்,
ஒவ்வொன்றும் ஒரு பறங்கிக்காய் அளவு.
வெந்நீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி
இரண்டரைக் கிலோமீட்டர் துளைத்தார்கள்.
ஒரு துளைக்கு ஏழு லட்சம் லிட்டர் நீர்.
(எனக்கு வாரம் இரண்டு குளியல்,
குளியலுக்கு இரண்டு நிமிடம்.)
துளை மூடுவதற்குள் கயிறு இறங்கியாக வேண்டும்.
பனி எந்தப் புண்ணையும் திறந்து வைத்திருக்காது.
மூடியபின் ஒரு கண்ணையும்
துடைக்க முடியாது, திருத்த முடியாது.

நாற்பத்தேழாம் கயிற்றில் ஐம்பத்தொன்றாம் கண்
உறைந்த அன்றே ஊமையானது.
கடைசியாக அதைக் கையில் ஏந்தியவர் ஓர்வில் ஸ்ட்ராண்ட்,
விஸ்கான்சினில் கிணறு தோண்டுகிறவர்.
இப்போதும் மாதம் ஒரு மடல், ஒரே வரி:
‘வாய் திறந்ததா?’
நானும் ஒரே சொல்லில்: ‘இல்லை.’
எனக்கு முன் இருந்தவரும் அதையே எழுதினாராம்,
அவருக்கு முன் இருந்தவரும்.

ஜூன் பதினெட்டு.
ஃபெலேட்டி எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான்.
சமையல்காரன்; ஆனால் கத்தரி அவனிடம்தான் இருக்கிறது.
பாதித் தலையில் பேஜர் அலறியது.

மைனஸ் அறுபத்தெட்டு.
வெட்டிய முடி கழுத்துக்குள் குத்த,
கொடிக்கம்புகளைத் தொட்டுத் தொட்டு ஒரு கிலோமீட்டர்.
விட்ட மூச்சு காதருகே சரசரத்து உறைந்தது.
மேலே பச்சை ஒளி புடவை உலர்த்துவதுபோல் அசைந்தது.
நான் நிமிரவில்லை.
எங்கள் வானம் காலுக்குக் கீழே.

திரையில் ஒரு கோடு,
கீழிருந்து மேலாக.
எந்த விண்மீன் கூட்டத்தின் வயிற்றெரிச்சலோ!
கிளம்பி, எதிலும் முட்டாமல், எவருக்கும் வழிவிடாமல்,
பெரு நாட்டுக் கடலோரம்
(நெத்திலிப் படகு ஒன்றின் அடியில் என்று வைத்துக்கொள்வோம்)
நுழைந்து,
பத்தாயிரம் கிலோமீட்டர் பாறையை
பூமி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கடந்து,
வெளியேறப் போன நேரத்தில்
ஒரே ஒரு அணுவில் இடறியது
அந்த நியூட்ரினோ.

இடறலில் ஒரு நீலம்.
ஒரு தீக்குச்சியின் கோடியில் ஒரு பங்குகூட இல்லை.
பகலைக் கண்டு லட்சம் ஆண்டான பனிக்கு
அதுவே அதிகம்.

கோட்டில் ஓர் ஓட்டை.
ஐம்பது கண்டது. ஐம்பத்திரண்டு கண்டது.
நடுவில் இருட்டு.

மீதித் தலையை வெட்டும்போது ஃபெலேட்டி கேட்டான்:
‘வந்ததே, என்ன செய்தது?’
‘ஒன்றும் இல்லை. தடுக்கி விழுந்தது.’
‘அதற்கா இந்தக் குளிரில் ஓடினாய்?’
பதில் இருந்தது.
தலையை ஆட்டாதே என்றான்.

அன்றிரவு (இங்கே எல்லாம் அன்றிரவுதான்)
ஓர்வில்லுக்கு முதல்முறையாக இரண்டு வரி எழுதினேன்:
‘உங்கள் கண்ணை உரசிக்கொண்டு போனது.
பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது; சொல்லவில்லை, அவ்வளவுதான்.’

செயற்கைக்கோள் தலைகாட்டும் நேரம் பார்த்துப் பதில் வந்தது:

‘ஒன்று சொல்கிறேன், பொறியாளர்கள் காதுக்குப் போகக்கூடாது.
அன்று கேபிளில் என் கையுறை மாட்டிக்கொண்டது.
இடது கை. உள்ளே கம்பளி, பதினெட்டு டாலர்.
எந்த ஆழத்தில் நின்றதோ தெரியாது.
கண்ணைப் பொத்திக்கொண்டிருக்கிறதோ என்று
பல ராத்திரி புரண்டிருக்கிறேன்.’

கண் செத்தது மின்கோளாறில்.
கையுறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.
அதை எழுதினேன். அனுப்பினேன்.
பிறகு அந்தக் கோட்டை மறுபடி திறந்தேன்.
ஐம்பது. ஐம்பத்திரண்டு.
ஆண்டுக்குப் பத்து மீட்டர் நகர்கிறது பனி,
எல்லாவற்றையும் சுமந்துகொண்டு:
ஐயாயிரம் கண், ஒரு கையுறை.